பதினோராம் வகுப்பு: மதிப்பெண்ணுக்கும் கல்லூரிக்கும் நடுவே

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் மொத்தம் 12 இயல்கள். அவற்றில் நான்கின் தலைப்பு ‘பயன்பாடுகள்’ என்று முடிகிறது: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள். எதைப் பயன்படுத்துவது என்பதற்கான விளக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை. அது பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அணி, அணிக்கோவை, வெக்டர், எல்லை, தொடர்ச்சித்தன்மை, வகையிடல், தொகையிடல் எல்லாம் மாணவருக்கு முந்தைய ஆண்டிலேயே பழகிவிட்டன என்று வைத்துக்கொண்டுதான் பிளஸ் டூ ஆசிரியர் முதல் வகுப்பைத் தொடங்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் நீண்ட காலமாகப் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அல்லது நடத்தாமலே விட்டுவிட்டு, பதினோராம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்தன. இரண்டு ஆண்டுகள், ஒரே புத்தகம், கடைசியில் ஒரு பொதுத் தேர்வு. இந்த ஏற்பாடு மதிப்பெண்ணைக் கொடுத்தது. அந்த மதிப்பெண் எதற்காகத் தேவைப்பட்டதோ அந்தக் கல்லூரிப் படிப்புக்கான அடித்தளத்தை அது கொடுக்கவில்லை. நல்ல மதிப்பெண் எடுப்பதும் கல்லூரிக்குத் தயாராவதும் ஒன்றாகச் சேரும் இடம் பதினோராம் வகுப்பு. அந்த ஓராண்டைக் காப்பாற்றாமல் மற்ற எந்தத் தயாரிப்பைப் பற்றிப் பேசினாலும் பயன் குறைவு. இதுவே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து.

மேல்நிலைக் கல்வி எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1978 வரை தமிழ்நாட்டில் பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பு, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, அதன் பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 முறையை ஏற்று, 1978இல் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கியது. 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்தது. கல்லூரிப் பேராசிரியர்கள் கற்பித்துவந்த ஒரு பகுதி பள்ளிக்கு இறங்கி வந்தது என்பதுதான் இதன் பொருள். புகுமுக வகுப்பின் வேலையை ஓராண்டில் திணிக்காமல் இரண்டு ஆண்டுகளில் பரப்பிச் செய்யலாம் என்பதே திட்டம். பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் பொதுவான படிப்பு. அதன் பிறகு ஒருவர் எந்தத் துறைக்குப் போகிறாரோ அதன் அடிப்படையைக் கற்பது. ஆகவே பதினோராம் வகுப்பில் படிப்பின் தன்மையே மாறுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் இயற்பியலுக்குச் சில பாடங்கள்தான்; பதினோராம் வகுப்பில் அது இரண்டு தொகுதிகளாக விரிகிறது. வணிகவியல் பிரிவு எடுக்கும் மாணவர் கணக்குப்பதிவியல் என்ற பாடத்தை அப்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கிறார்.

பின்னர் ஏன் பிளஸ் ஒன் ஆண்டு கைவிடப்பட்டது? பள்ளிகளின் பேராசை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. கணக்கு மிக எளிமையானது. பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று குறையும். இயற்பியலில் ஒன்று போனால் அரை. அந்த அரை மதிப்பெண்ணில் தரவரிசை கீழே இறங்கி, விரும்பிய கல்லூரியோ விரும்பிய பிரிவோ கைநழுவக்கூடும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இருந்த மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. தனிப்பயிற்சிக்குப் பணமும் நகரமும் தேவைப்படும் ஒரு தேர்வைக் கிராமத்து மாணவர்மீது சுமத்தக் கூடாது என்ற அதன் நோக்கம் நியாயமானது. அந்த நியாயம் இன்றும் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முழு எடையும் பிளஸ் டூவின் ஒரே தேர்வின் மீது விழுந்தது. பிளஸ் ஒன் மதிப்பெண் எங்கும் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத ஒன்றுக்காக ஓராண்டைச் செலவிடாமல், கேட்கப்படுவதற்கு இரண்டு ஆண்டு கொடுப்பதை ஒரு சேவையாகவே நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் விற்றன. பெற்றோர் கடன் வாங்கியும் அதை வாங்கினர். 1200க்கு 1180, 1190 என்ற எண்கள் மே மாத நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்களாயின. மற்ற பள்ளிகளும் போட்டியில் பின்தங்காதிருக்க அதே வழிக்கு வந்தன.

இழந்தது என்ன என்பதைப் பாடவாரியாகப் பார்க்க வேண்டும். பொதுவாக ‘அடிப்படை’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் இழப்பின் அளவு தெரியாது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல், நியூட்டனின் விதிகள், வேலை-ஆற்றல்-திறன், திண்மப் பொருட்களின் இயக்கம், ஈர்ப்பியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் ஆகியவை வருகின்றன. இவற்றில் எதுவும் பன்னிரண்டாம் வகுப்பில் திரும்ப வருவதில்லை. அங்கே நிலைமின்னியலில் தொடங்கி மின்னணுவியலை நோக்கிப் பாடம் போகிறது. ஆகவே பிளஸ் ஒன் விடுபட்ட ஒரு மாணவர் இயந்திரப் பொறியியலில் சேர்ந்தால், விசைகளின் சமநிலையையும் வெப்ப இயக்கவியலின் விதிகளையும் வாழ்நாளில் முதல்முறையாகக் கல்லூரி வகுப்பில் கேட்கிறார். விலங்கியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். செரித்தல், சுவாசம், இரத்தச் சுற்றோட்டம், கழிவுநீக்கம், தசையும் எலும்பும், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் பதினோராம் வகுப்பில். இனப்பெருக்கம், மரபியல், பரிணாமம், நோய்த்தடைக்காப்பு, சூழலியல் ஆகியவை பன்னிரண்டில். இதயமும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பள்ளியில் சரியாகப் படிக்காமலேயே ஒருவர் உயிரியலில் முழு மதிப்பெண் பெற்று மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிடக் கூடிய ஏற்பாடாக அது இருந்தது. வேதியியலில் கரிம வினைகளின் அடிப்படைக் கருத்துகள் முதலாண்டில் வருகின்றன. அவை இல்லாமல் இரண்டாம் ஆண்டின் கரிம வேதியியல் வெறும் சமன்பாடுகளின் பட்டியலாகிவிடும், பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர மாணவருக்கு வேறு வழி இருக்காது. வணிகவியல் மாணவருக்குக் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இறுதிக் கணக்குகள் யாவும் பிளஸ் ஒன்னில். இவை தெரியாமல் கூட்டாண்மைக் கணக்கையும் நிறுமக் கணக்கையும் போடுவது என்றால் படிவத்தைப் பார்த்து நிரப்புவதுதான்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 13 மீட்டர் நீள ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி விநாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் சுவரைவிட்டு விலகுகிறது. அடி சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும் கணத்தில் நுனி எவ்வளவு வேகத்தில் இறங்கும்? பிளஸ் டூவில் வகைநுண்கணிதப் பயன்பாடுகளில் வரும் வகை இது. அடியின் தூரத்தின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் சேர்ந்தால் 169. இதை நேரத்தைப் பொறுத்து வகையிட வேண்டும். அப்போது உயரம் 12 மீட்டர். விடை விநாடிக்கு 1 மீட்டர். இதில் சிந்தனை இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: தூரமும் உயரமும் நேரத்தோடு மாறும் அளவுகள், ஆகவே ஒவ்வொன்றையும் சங்கிலி விதிப்படி வகையிட வேண்டும் என்ற புரிதல். அந்த விதி பதினோராம் வகுப்பில் கற்பிக்கப்படுவது. அதைக் கற்காதவர் ‘ஏணிக் கணக்கு’ என்று ஐந்து வரிகளை மனத்தில் பதித்துக்கொள்கிறார். எண்கள் மாறினாலும் அவருக்கு விடை வந்துவிடும், முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஏணி போய்க் கூம்பு வடிவத் தொட்டியில் நீர் நிரம்பும் வேகத்தைக் கேட்டால் அதற்கு வேறொரு ஐந்து வரி வேண்டும். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால் பேனா நின்றுவிடும். விடைத்தாளில் புரிந்தவரும் பதித்தவரும் ஒரே ஐந்து வரியைத்தான் எழுதியிருப்பார்கள். திருத்துபவரால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிவது கல்லூரியின் முதல் பருவம்.

அந்த முதல் பருவத்தில் என்ன கேட்கப்படுகிறது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பொறியியல் மாணவர்கள் முதல் பருவத்தில் படித்த கணிதத் தாள் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. அணிகளில் தொடங்கும் அந்தத் தாளின் இரண்டாம் அலகு சார்புகள், எல்லை, தொடர்ச்சி, வகையிடல் விதிகள் என்று போகிறது. நான்காம் அலகில் தொகையிடல் முறைகள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் பின்பகுதியை அருகில் வைத்துப் பார்த்தால் வரிசைகூட ஏறக்குறைய அப்படியே இருக்கும். பல்கலைக்கழகம் இதைப் புதிதாகக் கற்பிப்பதாக எண்ணவில்லை. தெரிந்ததை ஒருமுறை விரைவாக நினைவுபடுத்திவிட்டுப் பல மாறிகள் கொண்ட சார்புகளுக்கும் பன்மடித் தொகையீடுகளுக்கும் போகவே விரும்புகிறது. பிளஸ் ஒன்னை விட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டு வாரத்தில் ஓராண்டுப் பாடம் வந்து விழுகிறது. ‘எம்-ஒன் அரியர்’ (முதல் கணிதத் தாளில் தோற்று வைக்கும் நிலுவை) என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவரிடையே அன்றாடப் பேச்சாகிவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. பள்ளியில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை முதல் பருவத்திலேயே தோற்றால் வீட்டில் சொல்லப்படும் விளக்கங்கள் வேறு: விடுதிச் சுதந்திரம், கைபேசி, சகவாசம் சரியில்லை. பிள்ளையும் தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்கிறது. அந்தக் குற்றவுணர்வு அநியாயமானது. கற்பிக்கப்படாத ஒன்றைத் தெரியவில்லை என்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுகள் ஒரே புத்தகத்தைப் படித்தால் அதிலாவது ஆழம் வருமே என்று கேட்கலாம். கற்றல் பற்றிய ஆய்வுகள் இதில் கவனமாக இருக்கச் சொல்கின்றன. திரும்பத் திரும்பத் தேர்வு எழுதுவது நினைவை வலுப்படுத்தும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு நன்றாகக் காட்டியது: ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் சற்று முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, வாசித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். ஆகவே நம் பள்ளிகளின் அலகுத் தேர்வையும் திருப்புதல் தேர்வையும் குறைகூறுவது தவறு. அவை நம் முறையின் பலம். சிக்கல் தேர்வின் எண்ணிக்கையில் இல்லை, ஒரே வகை வினாவில் இருக்கிறது. ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயின்றது. மற்றொரு குழு எல்லா வகைகளையும் கலந்து பயின்றது. பயிற்சியின்போது முதல் குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது, கலந்து பயின்ற குழு 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முதல் குழு 20க்கு விழுந்தது, இரண்டாவது குழு 63இல் நின்றது. எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் திறனை, வகைபிரித்த பயிற்சி வளர்க்கவில்லை. ஆய்வகச் சோதனையின் எண்களை ஈராண்டுப் பள்ளி வாழ்க்கைக்கு அப்படியே நீட்ட முடியாது என்பது உண்மையே. ஆனால் பயிற்சியில் தெரியும் சரளம் கற்றலுக்கு நம்பத்தக்க சான்றாகாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும். புத்தகத்தின் பின்பக்க வினாக்களை இருபதுமுறை எழுதிய மாணவரின் சரளம் அந்த வினாக்களுக்கு உரியது. கல்லூரித் தாளில் அவை இருக்காது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது இடம். இடம் கிடைத்தால் அரியர் வைத்தாவது பட்டம் வாங்கிவிடலாம். இடமே கிடைக்காவிட்டால் அடித்தளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. இடத்துக்கான போராட்டம்தான் இந்த மாநிலத்தின் சமூக வரலாறு. அதன் பலன் கண்முன் இருக்கிறது: 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கின்றன. வாசல் அகன்றிருக்கிறது. வாசல் அகன்றபிறகு உள்ளே போனவர் நிலைத்து நிற்பாரா என்பதே பெரிய கேள்வியாகிறது. நிலைத்து நிற்க முடியாமல் போகும்போது வசதியுள்ள பிள்ளைக்கு மாற்றுவழி உண்டு: வெளியே ட்யூஷன், மறுபடி தேர்வெழுதக் காலம், குடும்பத்தின் பொறுமை. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு அரியரே படிப்பை நிறுத்தப் போதுமானது. நீட், ஜே.இ.இ. தேர்வுகளையும் எண்ணிப் பாருங்கள். அவை பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கின்றன. பள்ளி விட்டுவிட்ட ஆண்டைப் பயிற்சி மையம் பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறது. பிளஸ் ஒன்னைத் தவிர்ப்பது குறுக்குவழியாக இருப்பது, பிறகு அந்த ஆண்டைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவருக்கு மட்டுமே. ஏழை மாணவருக்குப் பதினோராம் வகுப்பு வகுப்பறை ஒன்றுதான் அந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கும் இடம். அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அவருடைய நன்மைக்காகச் செய்ததாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

தொடர்ந்த உழைப்பின் பதிவுக்கு ஒரு தேர்வைவிட அதிக மதிப்புண்டு என்பதற்கு அமெரிக்காவிலிருந்து நல்ல சான்றுகள் உள்ளன. அங்கே உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டு மதிப்பெண் சராசரி ஒருபுறம், எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற ஒருநாள் தேர்வுகள் மறுபுறம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏறக்குறைய 80,000 மாணவர்களை ஆராய்ந்து கைசரும் சான்டெலிசெஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியின் நான்கு ஆண்டு விளைவுகளை முன்கூட்டிச் சொல்வதில் பள்ளிச் சராசரியே மேலானதாக இருந்தது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் படித்த 55,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த அலென்ஸ்வொர்த்தும் கிளார்க்கும் 2020இல் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள்: கல்லூரிப் படிப்பை முடிப்பதோடு பள்ளிச் சராசரிக்கு இருக்கும் தொடர்பு, ஏ.சி.டி. மதிப்பெண்ணின் தொடர்பைப் போல ஐந்து மடங்கு வலுவானது. பள்ளிக்குப் பள்ளி மதிப்பிடும் முறை மாறுபட்டாலும் இந்த முடிவு நின்றது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பல ஆசிரியர்களிடம், பல பாடங்களில், பல மாதங்கள் வேலையைத் தள்ளிப்போடாமல் செய்தவர் என்பதற்கான பதிவு அந்தச் சராசரி. கல்லூரி கேட்பதும் அதே பழக்கத்தைத்தான். நம் நிலைமை வேறு, பள்ளி தானே இடும் மதிப்பெண்ணை நம்பிச் சேர்க்கை நடத்தினால் அகமதிப்பீட்டில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போடும் கதைதான் நடக்கும் என்று ஆட்சேபிக்கலாம். அந்த அச்சம் சரியானது. அகமதிப்பீட்டுக்கு எடையைக் கூட்டச் சொல்ல நான் துணிய மாட்டேன். சொல்ல வருவது வேறு. ஒரே நாளில் எல்லாவற்றையும் அளக்கும் முறை மாணவரின் உண்மையான தயார்நிலையைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இது நமக்கே நேரில் தெரிந்தது. 2021இல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடக்க முடியாமல் போனபோது, அரசு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு எடை கொடுத்து மதிப்பெண் கணக்கிட்டது. முந்தைய ஆண்டுகளின் பதிவு இருந்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

பிளஸ் ஒன்னைக் காப்பாற்ற அரசு ஒருமுறை நேரடியாகவே முயன்றது. 2017இல் வந்த ஆணைப்படி 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு நடந்தது. 1200 மதிப்பெண் முறை போய் ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 என்றானது. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கமும் 2017இல் கைவிடப்பட்டது. பாடம் நடத்தப்படாமல் போவதைத் தடுப்பதே தேர்வின் நோக்கம். தொடக்கத்தில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்த்துக் கணக்கில் கொள்ளப்படும் என்றார்கள். 2018இலேயே அது மாறி, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூவின் 600 மட்டுமே என்று முடிவானது. தேர்வு மிஞ்சியது, அதன் பயன் பாதியாகக் குறைந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று பொதுத் தேர்வுகள் பிள்ளைகளை வதைக்கின்றன, பிளஸ் ஒன்னில் தோற்றவர் படிப்பையே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது என்ற குரல்கள் எழுந்தன. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு இல்லை என்ற அறிவிப்பும் வந்தது. தேர்வை நீக்கியதை நான் எதிர்க்கவில்லை. பதினாறு வயதில் புதிதாக ஒரு பெரிய பாடப்பரப்புக்குள் நுழையும் பிள்ளைக்குத் தடுமாறவும் தவறு செய்யவும் ஓராண்டு வேண்டும். ஒவ்வொரு தடுமாற்றத்தையும் சான்றிதழில் பதிவது நல்லதல்ல. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை நடத்த வேண்டும் என்று பள்ளிகளைக் கட்டாயப்படுத்திய ஒரே ஏற்பாடும் அதோடு போய்விட்டது. 2018க்கு முன்பிருந்த கணக்கு, அதே லாபநட்டத்தோடு, மறுபடி பள்ளி நிர்வாகங்களின் மேசைக்கு வந்திருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்வழி மாணவர் கல்லூரியில் திணறுவதற்கு எப்போதும் சொல்லப்படும் முதல் காரணம் ஆங்கிலம். ஆங்கிலத் தடை உண்மையானது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானம், இயந்திரம் ஆகிய பொறியியல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியதே அதை உணர்ந்துதான். ஆனால் தடையின் ஒரு பகுதியைத்தான் மொழி விளக்குகிறது. வெப்ப இயக்கவியலின் முதல் விதியைத் தமிழில் ஐயமறப் புரிந்துகொண்ட மாணவருக்குக் கல்லூரியில் தேவைப்படுவது புதிய சொற்கள் மட்டும். அவை ஒரு பருவத்தில் பழகிவிடும். அந்த விதியையே கேட்டிராதவருக்குக் கருத்தும் சொல்லும் ஒரே நேரத்தில் அந்நியமாக வந்து நிற்கின்றன. அப்போது எது புரியவில்லை என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. ஆசிரியரிடம் கேள்வி கேட்கவும் வாய் வராது. ஆங்கிலவழியில் பிளஸ் ஒன் விடுபட்டவரும் அதே இடத்தில்தான் திணறுகிறார், அவரிடம் மொழியைக் காரணம் காட்ட முடிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

மாணவர் தன் கையில் இருப்பதைக் கொண்டு செய்யக் கூடியது சிறிதல்ல. பள்ளி எந்தப் புத்தகத்தை நடத்தினாலும் பதினோராம் வகுப்புப் புத்தகம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, அந்த வாரம் படித்த இயலின் கணக்குகளோடு முந்தைய இரண்டு இயல்களின் கணக்குகளையும் கலந்து, புத்தகத்தை மூடிவைத்துப் போட்டுப் பார்ப்பது மேலே சொன்ன கற்றல் ஆய்வுகள் இரண்டும் காட்டும் வழி. அந்த மாலையில் மதிப்பெண் குறைவாகவே வரும், மனமும் சோரும். கலந்து பயின்ற குழுவும் பயிற்சியில் 60தான் எடுத்தது. பெற்றோர் பிளஸ் ஒன் சேர்க்கையின்போது கட்டணத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, அரையாண்டுத் தேர்வுக்குள் பதினோராம் வகுப்பின் எத்தனை பாடங்கள் நடத்தப்படும் என்று கேட்டு, பிள்ளையின் அரையாண்டு வினாத்தாளையும் ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். அதில் நிலைமின்னியல் இருந்து நியூட்டனின் விதிகள் இல்லாவிட்டால் நடப்பது என்னவென்று தெரிந்துவிடும்.

ஆனால் முழுப் பாரத்தையும் குடும்பங்கள்மீது ஏற்றுவது அரசுக்கு அழகல்ல. பொதுத் தேர்வு இல்லாமலே பிளஸ் ஒன்னை உயிரோடு வைக்க வழி உண்டு. முதலாவது, பிளஸ் ஒன் அரையாண்டு, ஆண்டிறுதித் தேர்வுகளுக்கு மாநிலமெங்கும் ஒரே வினாத்தாள் வைத்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் சில பள்ளிகளின் விடைத்தாள்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்ப்பது. நோக்கம் மாணவரைத் தேர்ச்சி, தோல்வி என்று பிரிப்பது அல்ல, பள்ளி பாடம் நடத்தியதா என்று அறிவது. இதைவிட வலுவானது பிளஸ் டூ வினாத்தாளுக்குள்ளேயே இருக்கிறது. கணிதத் தாளில் எழுத்துத் தேர்வுக்கான 90 மதிப்பெண்ணில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு, மொத்தம் 35 மதிப்பெண். அவற்றில் இரண்டை, புத்தகத்தில் அச்சாகாத புதிய கணக்குகளாக, பதினோராம் வகுப்பின் விதியைத் தெரிந்தவர் மட்டுமே போடக் கூடியவையாக அமைக்கலாம். இயற்பியலிலும் வேதியியலிலும் அதே அளவு. கணிதத்தில் பத்து மதிப்பெண் என்றால் கட்-ஆஃபில் பத்து. அரை மதிப்பெண்ணுக்கு அஞ்சும் எந்தப் பள்ளியும் அதைக் கைவிடத் துணியாது. கடினமாக்கினால் கிராமப்புற மாணவர் பாதிக்கப்படுவார் என்ற அச்சத்துக்கு இடம் கொடுக்காமல், மொத்தத் தாளின் கடுமை கூடாதபடி மற்ற வினாக்களை இலகுவாக்கலாம். பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்தும் அரசுப் பள்ளியின் மாணவருக்கு இந்த மாற்றம் சாதகமாகவே முடியும். 2025-26இல் பிளஸ் ஒன்னில் சேர்ந்த தொகுதி 2027 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதும். வினாத்தாள் அமைப்பில் மாற்றம் வருமென்றால் அதைப் பள்ளிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, மாதிரி வினாத்தாளும் கொடுத்துவிட வேண்டும். பிளஸ் ஒன் வகுப்பில் இப்போது எந்தப் புத்தகம் திறக்கப்படுகிறது என்பதை அந்த மாதிரி வினாத்தாள் தீர்மானிக்கும்.